நீ ஆடாத கடைசி ஆட்டம்

பிலோமினாவுக்கு முழங்கால் நோ. நேற்றுப் பின்னேரம் மருந்துக்கடையில் ஒரு பூச்சு வாங்கி வந்து, குசினி மேசையில் இருந்துகொண்டு மூடியைத் திறந்தாள். நான் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைக்கப் போனேன். எரிவும் குளிர்ச்சியும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் அடுப்பை மறந்து நின்றுவிட்டேன். கேத்திலைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

“என்ன, தலை சுத்துதே?” என்று கேட்டாள்.

“இல்லை.”

அவள் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த பூச்சைப் பார்த்தாள். மூடியை இறுக்கிவிட்டு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். “தம்பியை நினைச்சிட்டீங்கள்” என்றாள்.

ஓம், உன்னைத்தான். பயிற்சிக்குப் போகுமுன் நீ உன் கெண்டைக்கால்களில் தேய்க்கிற பூச்சின் மணம் அது. இந்த ஐந்து வருடமாக அந்த மணம் பட்டால் எனக்கு முதலில் வருவது பயம். உன் முகம் அதற்குப் பிறகுதான் வரும்.

நீ இறந்து மூன்று மாதமாகிறது. எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன். இன்றைக்கு வேலை இல்லை, பிலோமினா கோயிலுக்குப் போய்விட்டாள், எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் கதைத்ததெல்லாம் ஆங்கிலத்தில்தான். அதில் உன்னுடையதை நான் பாதிதான் விளங்கிக்கொண்டேன், என்னுடையதில் பாதியைத்தான் சொன்னேன். ஆனால் நினைவில் நீ பேசுவது எனக்குத் தமிழாகவே கேட்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

நீ வந்தது ஒரு ஏப்ரல் மாதம். மைதானத்தின் ஓரத்தில் ஒதுக்கிய பனி கறுத்து இறுகிக் குவியலாகக் கிடந்தது. கனடாவுக்கு வந்து டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் குப்பை அள்ளுகிற வேலையை விட்டுவிட்டு, நான் அந்த உதைபந்தாட்டக் கழகத்தில் உடுப்புக்குப் பொறுப்பாகச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஆட்டக்காரரின் ஜேர்சியையும் காற்சட்டையையும் தோய்த்து, காயவைத்து, இலக்கம் பார்த்துக் கொழுவி வைக்க வேண்டும். சப்பாத்துகளில் சேற்றைச் சுரண்ட வேண்டும். பார்வையாளர் படிகளுக்குக் கீழே ஜன்னலில்லாத ஓர் அறை எனக்குத் தந்திருந்தார்கள். மூன்று பெரிய மெசின்கள் நாள் முழுக்க ஓடும். அந்தக் கட்டடத்தில் ஏப்ரல் மாதத்தில் சூடான இடம் அது ஒன்றுதான். வந்த இரண்டாம் நாளே நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய்.

கதவுக்குள் தலையை நீட்டி, “இஞ்சை கொஞ்சம் நிக்கலாமே?” என்று கேட்டாய். குட்டையான ஆள், அகன்ற தோள், எப்போதோ உடைந்து கோணலாகப் பொருந்திய மூக்கு. முப்பத்துநாலு வயது என்று பிறகு சொன்னாய். உடுப்புக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும், மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னால், அந்தக் கூடை உன் கதிரையாகிவிட்டது.

கூட்டித் துடைக்க வருகிற யாழ்ப்பாணத்துப் பெடியன் என்னை “அண்ணை” என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, அதுதான் என் பெயர் என்று நீ நினைத்தாய். சரியான அர்த்தத்தைச் சொன்ன பிறகும் மாற்றவில்லை. “உனக்கு நாற்பத்தொண்டு, எனக்கு முப்பத்துநாலு. கணக்குச் சரிதானே” என்றாய்.

உன்னுடைய ஆட்ட வாழ்க்கையை நீ ஒரே தடவையில் எனக்குச் சொல்லவில்லை. ஒரு காலைக்கு ஒரு துண்டாக வரும். வேல்ஸ் நாட்டில் நிலக்கரி தோண்டுகிற பள்ளத்தாக்கில் பிறந்தது. பதினாறு வயதில் ஒரு பையோடு இங்கிலாந்துக் கழகமொன்றுக்குப் போய், பெரிய ஆட்டக்காரரின் சப்பாத்துகளை மினுக்கியது. “நீ செய்யிற வேலையை நான் ரெண்டு வருசம் செய்தனான், அண்ணை. உன்னளவு சுத்தமாச் செய்யேல்லை.” பத்தொன்பதில் முதல் அணிக்கு எடுத்தார்கள். நடுவில் நின்று ஆடுகிறவன் நீ. “எதிராளியிட்டைப் பந்தைப் பறிக்கிறது, பக்கத்திலை நிக்கிறவனுக்குக் குடுக்கிறது. பதினைஞ்சு வருசம் இதுதான் என்ர தொழில். கோல் அடிக்கிறவனைத்தான் சனம் ஞாபகம் வைச்சிருக்கும்.”

ஒரேயொரு தடவை உன் நாட்டுக்காக ஆடினாய். ஆட்டம் முடியப்போகிற நேரம் கொட்டுகிற மழையில் உன்னை உள்ளே அனுப்பினார்கள். “நாலு தரம் பந்தைத் தொட்டன். அதிலை மூண்டு தரம் சரியாக் குடுத்தன்” என்று விரலை மடக்கிச் சொன்னாய். நாலாவதைப் பற்றிக் கேட்டேன். “அது இன்னும் உருண்டுகொண்டு போகுது” என்று சிரித்தாய்.

அதன் பிறகு முழங்காலில் இரண்டு சத்திரசிகிச்சை. ஒவ்வொரு கழகமும் உன்னை விட்டுவிட, அதைவிடச் சிறிய ஊரில் அதைவிடச் சிறிய கழகம். கலியாணம் முறிந்தது. பத்து வயது மகள் தாயோடு வேல்ஸில். கடைசியாகக் கனடாவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. ஒரு பருவத்துக்கு மட்டும். “இதுதான் கடைசி. இதை முடிச்சிட்டு என்ர காலாலை நடந்து வெளியிலை போகவேணும். ஆரும் என்னைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது.” அப்போது அதை நான் ஒரு பகிடி என்றுதான் எடுத்தேன்.

நானும் மன்னாரில் ஆடியவன் என்று சொன்ன நாள் உனக்கு எவ்வளவு சந்தோசம்! இடதுபக்கப் பின்வரிசை என்றேன். பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு என்னைப் புல்லுக்கு இழுத்துக்கொண்டு போனாய். வேலைச் சப்பாத்தோடு நான் தடுக்கித் தடுக்கி ஓட, நீ நாற்பது மீற்றர் தூரத்திலிருந்து பந்தை என் இடது காலடியில் கொண்டுவந்து இறக்கினாய். ஒன்றுகூடத் தவறவில்லை. இருபது வருடத்துக்குப் பிறகு நான் பந்தைத் தொட்டது அன்றைக்குத்தான்.

ஜூன் மாதம் ஒரு காலை. மகள் பள்ளிக்கூட அணியில் நடுவில் ஆடுகிறாள், உன்னைப்போலவே பந்தைப் பறிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே நீ கூடையிலிருந்து எழும்பினாய். வசனத்தின் நடுவில் உன் குரல் நின்றது. தோய்க்கிற மெசினில் முதுகு உரச, மெதுவாகக் கீழே வழுகிப் போனாய். விளையாடுகிறாய் என்று நினைத்து நான் சிரித்தேன். பிறகு உன் உதட்டின் நிறத்தைக் கண்டேன். சாம்பல்.

நான் உன் தோளைப் பிடித்து உலுப்பினேன். கண்ணைத் திறந்தாய். முதலில் நீ கேட்டது, “எவ்வளவு நேரம்?” என்று.

என்ன நடந்தது என்று நீ கேட்டிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

“இது முதல் தரமில்லை, என்ன?”

“மூண்டாம் தரம்.”

“டொக்டரிட்டைச் சொல்லு.”

“சொன்னா அந்த நிமிசமே என்ர ஆட்டம் முடிஞ்சுது, அண்ணை. செப்டெம்பர் வரைக்கும் பொறு. பேந்து நானே போய்ச் சொல்லுறன். சத்தியமா.” என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாய். உன் கை குளிர்ந்து வேர்த்திருந்தது. “ஒருத்தருக்கும் சொல்லாதை.”

நான் ஓம் என்றேன்.

ஏன் ஓம் என்றேன் என்பதை உனக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை. என் அகதி விசாரணை முடிந்து பதிலுக்குக் காத்திருந்த காலம் அது. கழகத்தில் ஒரு பிரச்சினை என்று வந்தால் என் வேலை போய்விடும், அதை வைத்து என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. அப்படி ஒன்றும் நடக்காது என்று சட்டத்தரணி சொன்னார். பயத்துக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது.

ஊரில் ஒருநாள் இராணுவம் எங்கள் பகுதியைச் சுற்றி வளைத்து, ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக இருத்தியது. அது நாங்கள் பந்தடிக்கிற மைதானம். ஒருவனுக்குத் தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை வெட்டிக் கொண்டுவந்தார்கள். எங்களை ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நிறுத்துவார்கள். அவன் தலையாட்டினால் அந்த ஆள் லொறியில் ஏற வேண்டும். தலையாட்டி என்றுதான் அவனைச் சொல்வோம். எனக்கு அவன் ஆட்டவில்லை. எனக்குப் பின்னால் வந்த என் தம்பி அன்ரனுக்கு ஆட்டினான். அன்ரன் திரும்பி வரவேயில்லை. சாக்குக்குக் கீழே தெரிந்த கால்கள் எனக்குத் தெரிந்த கால்கள். அந்தக் கால்கள் எத்தனையோ பின்னேரம் எனக்குப் பந்து தந்திருக்கின்றன. அவனை அடித்துத்தான் கொண்டுவந்திருப்பார்கள் என்று இன்றைக்கு விளங்குகிறது. அன்றைக்கு ஒன்றை மட்டும் மனதில் இறுக்கிக்கொண்டேன்: என்ன வந்தாலும் இன்னொரு மனிதனை என் வாயால் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

அதனால்தான் உன்னைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு உன் ஆட்டத்தை நான் பார்த்த விதம் உனக்குத் தெரியாது. மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள், நான் உன்னைப் பார்ப்பேன். ஓடிக்கொண்டிருக்கிற நீ சில வேளை நின்று குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவாய். அந்தக் கயிறுகளை நான்தான் கட்டாயம் பார்த்து இறுக்கிக் கொடுப்பேன். அவை அவிழாது. குனிகிறாய் என்றால் தலை சுற்றுகிறது என்று அர்த்தம். நீ நிமிரும்வரை விநாடிகளை எண்ணுவேன். ஒரு ஆட்டத்தில் ஐந்து தடவை குனிந்தாய். ஐந்தாவது தடவை நீ நிமிர நேரம் பிடித்தது. நான் இருந்த வாங்கின் விளிம்பைப் பிடித்த பிடியில் நகம் உடைந்து இரத்தம் வந்ததைப் பிறகுதான் கண்டேன். தண்ணீர்ப் போத்தலோடு கோட்டுப் பக்கம் ஓடி வந்தேன். நீ போத்தலை வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணைச் சிமிட்டினாய். உனக்குப் பயமே இல்லை என்று நினைத்து எனக்குக் கோபம் வந்தது.

ஜூலை மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாய். பிலோமினா புட்டும் மீன்குழம்பும் வைத்திருந்தாள். கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டாய். மூக்கால் தண்ணீர் ஓடியது, நிறுத்தவில்லை. அவள் “தம்பி, இன்னும் கொஞ்சம் போடட்டே?” என்று கேட்க, நீ “கொஞ்சம், கொஞ்சம்” என்று தட்டை நீட்டினாய்.

சாப்பிட்டு முடிந்து, என்னிடமிருந்த தொலைபேசி அட்டையைச் சுரண்டி உன் அம்மாவுக்கு எடுத்தாய். நீ பேசியதைக் கேட்டுப் பிலோமினா, “இது இங்கிலீசும் இல்லை, பிரெஞ்சும் இல்லை, என்ன பாஷை?” என்றாள். வெல்ஷ் என்றாய். பள்ளிக்கூடத்தில் உன் பாட்டன் காலத்தில் அதைப் பேசியதற்கு அடித்தார்கள் என்றாய். பிறகு நீயாகவே என்னிடம் கேட்டாய்: “பயப்படுறன் எண்டதுக்குத் தமிழிலை என்ன சொல்லுவாய்?”

“எனக்குப் பயமா இருக்கு.” அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் உடைத்துச் சொன்னேன்.

நீ தலையைச் சாய்த்துக் கேட்டாய். “எங்கடை பாஷையிலை, பயம் என்மேலை இருக்கு எண்டு சொல்லுவம். ஓவ்ன் எண்டால் பயம். ஒரு சாமான் மாதிரி அது மேலை ஏறி இருக்கும்.” உன் கை தானாகவே நெஞ்சுக்குப் போனது. அப்போதுதான் உன் அப்பாவின் கதையைச் சொன்னாய். நாற்பத்திரண்டு வயது. ஒரு காலை சுரங்கத்துக்குப் போக வெளிக்கிட்டு, வாசலில் இருந்து சப்பாத்துக் கயிறு கட்டினவர் அப்படியே முன்னால் சரிந்துவிட்டார். உனக்கு அப்போது பதினொன்று. நீ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். “வாங்கோ அப்பா, எழும்புங்கோ, பிந்துது எண்டு சொல்லிக்கொண்டே நிண்டன்.”

“என்னவாம்?” என்று பிலோமினா கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். அவள் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு உன் தலையில் கையை வைத்தாள். நீ அசையாமல் இருந்தாய். உனக்குப் பயம் இல்லை என்று நான் நினைத்தது எவ்வளவு பிழை என்று அப்போது விளங்கியது.

நீ பஸ்ஸுக்குப் போன பிறகு அவள் என்னை விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

“அதே வருத்தம்தான் இந்தப் பிள்ளைக்கும். தெரிஞ்சுகொண்டும் சும்மா இருக்கிறீங்களோ? நாளைக்கே டொக்டரிட்டைச் சொல்லுங்கோ.”

“காட்டிக்குடுக்கச் சொல்லுறியோ?”

அவளுக்கு அன்ரனைத் தெரியும். “அது வேறை, இது வேறை” என்றாள்.

“வாய் ஒண்டுதானே” என்றேன்.

ஆகஸ்ட் முழுக்க ஒவ்வொரு நாளும் என்னிடம் கேட்டாள். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றேன். அணி வென்றுகொண்டே போனது. நீ நன்றாக ஆடினாய், அதுதான் கொடுமை. உன்னைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார்கள். ஒரு முறையும் இல்லாத மாதிரிச் சனம் உன் பெயரைச் சொல்லிக் கத்தியது. அந்தச் சத்தத்தில் நீ இளமையாகிப் போனாய்.

செப்டெம்பரில் இறுதி ஆட்டம். பிற்பகல் மூன்று மணிக்கு. வெயில் எரித்தது. ஒரு மணிக்கு நான் ஜேர்சிகளை இலக்கப்படி அடுக்கிக்கொண்டிருந்தபோது நீ வந்தாய். கூடையில் இருக்கவில்லை. “இண்டைக்கு ஆட்டம் முடிஞ்சதும் மகளுக்கு எடுக்கவேணும். அட்டை வைச்சிருக்கிறியே?” என்று கேட்டாய். உன் ஜேர்சியை நீட்டினேன். வாங்கினாய். அதைப் பிடித்தபடியே விழுந்தாய்.

இம்முறை வழுகி விழவில்லை, வெட்டின மரம்போல விழுந்தாய். தலை தரையில் மோதிய சத்தம் மெசின் சத்தத்துக்கு மேலாலும் கேட்டது. “மாதாவே” என்று கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. உன் மூக்குக்கு முன்னால் கையை வைத்தேன். ஒன்றுமில்லை. உன் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தேன், எப்படி அடிக்க வேண்டும் என்று தெரியாமலே அடித்தேன். இனி இல்லை என்று என் மனம் சொல்லிவிட்டது. பிறகு என் கையில் சூடாக மூச்சுப் பட்டது.

“எவ்வளவு நேரம்?”

“தெரியாது.” நான் அழுதுகொண்டிருந்தேன்.

நீ சுவரைப் பிடித்து எழும்பினாய். ஜேர்சியைத் தலைக்கு மேலால் போட்டாய். கண்ணாடியில் முகத்தைப் பார்த்துத் துடைத்தாய். “இண்டைக்கு மட்டும், அண்ணை. இன்னும் ஒரு ஆட்டம். பேந்து முடிஞ்சுது.” கதவு மூடியது.

என் அறையிலிருந்து டொக்டரின் அறைக்கு ஒரு நீளமான நடைபாதை. நான் அதில் நடக்கத் தொடங்கினேன். இரண்டு தடவை திரும்பி வந்தேன். அன்ரன் லொறியில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தது நினைவில் வந்தது. நீ உன் அப்பாவிடம் எழும்புங்கோ என்று சொல்லிக்கொண்டு நின்றதும் வந்தது. மூன்றாம் தடவை கதவைத் தட்டினேன்.

டொக்டர் இந்த ஊர்ப் பெண், ஐம்பது வயதிருக்கும். “போன்ஷூர்” என்று நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பிரெஞ்சும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. உன் பெயரை மட்டும் சொன்னேன். பிறகு என் முன்கையை மேசையில் நேராக நிறுத்தி, அப்படியே சரித்துப் படுக்க வைத்தேன். நாலு விரலைக் காட்டினேன். நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழும்பினார்.

உடைமாற்றும் அறையில் எல்லோரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டொக்டர் உனக்கு முன்னால் போய் நின்று, மயங்கி விழுந்தாயா என்று கேட்டார். நீ சிரித்தாய். “நானோ? நல்லா இருக்கிறன். ஆர் சொன்னது?”

டொக்டர் என் பக்கம் திரும்பினார். பயிற்சியாளர் திரும்பினார். இருபது பேர் திரும்பினார்கள். “உண்மையா?” என்று டொக்டர் கேட்டார்.

சொல்ல வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. அதனால் தலையாட்டினேன்.

உன் முகத்தில் அப்போது வந்ததை நான் எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும்.

அணி நீ இல்லாமல் ஆடித் தோற்றது. பருவம் முடிந்த பிறகும் சில நாட்கள் பயிற்சிக்கு வந்தவர்கள், வழக்கமாக என் கையில் தருகிற அழுக்கு ஜேர்சிகளைத் தரையில் போட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கினேன். நாலாம் நாள் கோல்காப்பாளன் மட்டும் தன்னுடையதை மடித்து என் கையில் வைத்து “மெர்சி” என்று நன்றி சொன்னான். அன்றைக்கு மெசின்களுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

ஆஸ்பத்திரியில் உன் இதயத்தின் தசை அளவுக்கு மீறித் தடித்துப் போயிருக்கிறது, அது தகப்பன்வழி வந்தது என்று கண்டுபிடித்தார்கள். இன்னும் ஒரு ஆட்டம் ஆடியிருந்தால் மைதானத்திலேயே போயிருக்கலாம் என்றார் டொக்டர். உன் நெஞ்சுத் தோலுக்குக் கீழே இதயம் தடுமாறினால் மின்னதிர்ச்சி கொடுக்கிற ஒரு சிறிய கருவியை வைத்துத் தைத்தார்கள். நானும் பிலோமினாவும் சூப் கொண்டுவந்தோம். நீ அவளைப் பார்த்துத் தலையசைத்தாய். என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய்.

“என்ர காலாலை நடந்து போகவேணும் எண்டு கேட்டன். அது ஒண்டுதான் உன்னட்டைக் கேட்டனான்” என்றாய் சுவரைப் பார்த்தபடி.

சூப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தோம். ஒக்டோபரில் நீ விமானமேறியதைக் கூட்டித் துடைக்கிற பெடியன் சொல்லித்தான் அறிந்தேன்.

அந்தப் பனிக்காலம் நீளமாக இருந்தது. ஜனவரியில் என் அகதிக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. பிலோமினா முழந்தாளிட்டு அழுதாள். நான் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு, இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லையே என்று நினைத்தேன். நினைத்தது உன்னைத்தான்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. வெகுதூரத்துச் சத்தம். “அண்ணை” என்றாய். பிறகு இன்னொரு தடவை “அண்ணை” என்றாய். யாருக்கோ என்னவோ நடந்துவிட்டது என்று பயந்து சுவரில் சாய்ந்துகொண்டேன்.

“பிள்ளைக்கும் இருக்கு” என்றாய். “எனக்கு இருந்தபடியாலைதான் அவளையும் பரிசோதிச்சுப் பார்த்தவை. இல்லாட்டித் தெரிஞ்சிருக்காது. அவள் ஒவ்வொரு நாளும் ஓடிக்கொண்டெல்லோ இருந்தவள்.”

அவளுக்கும் அந்தக் கருவியை வைத்தார்கள் என்றாய். இனிப் பந்தடிக்கக்கூடாது என்று அவளிடம் சொல்கிற வேலை உனக்கு வந்தது. பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய், பயிற்சியின் நடுவில், எல்லாப் பிள்ளைகளும் பார்க்கக் கூப்பிட்டுச் சொன்னாயாம். “மூண்டு கிழமையா என்னோடை கதைக்கிறாளில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். நான் வெளியிலை நிக்கிறன்.” உன் குரல் உடைந்தது. “அண்டைக்கு நீ எப்பிடி நிண்டிருப்பாய் எண்டு இப்பத்தான் தெரியுது.”

மன்னிப்பு என்ற சொல்லை நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிலோமினா தொலைபேசியைப் பறித்து, “தம்பி, சாப்பிடுறீங்களோ?” என்று கேட்டாள். “கொஞ்சம்” என்றாயாம்.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு தடவையாவது கதைத்தோம். உன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மைதானத்தைப் பார்க்கிற வேலை எடுத்தாய். புல் வெட்டிக் கோடு போடுகிறேன் என்றாய். மகள் கதைக்கத் தொடங்கினாள், சனிக்கிழமைகளில் கோடு போட உன்னோடு வருகிறாள் என்றாய். இங்கே கழகம் எனக்குப் பதிலாக வேறு ஆளை எடுத்தது. நான் செயின்ட்-லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலைக்குப் போனேன். ஊரில் சமாதானம் என்று சொன்ன காலமும் முடிந்து, மன்னார்ப் பக்கம் மறுபடி சண்டை தொடங்கியது. ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் நீ எடுத்து, “ஆக்கள் சுகமே?” என்று கேட்பாய். உனக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது.

மூன்று மாதத்துக்கு முன் உன் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. “சொல்லடா தம்பி” என்றேன். மறுபக்கம் ஒரு பெண்பிள்ளையின் குரல். உன் மகள். பதினைந்து வயது.

நீ முதல்நாள் காலை புல்லில் விழுந்துவிட்டாய் என்று சொன்னாள். கருவி தன் வேலையைச் செய்ததாம், ஆனாலும் இதயம் திரும்பத் துடிக்கவில்லையாம். அவள் அழவில்லை. யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுபோலச் சொன்னாள். பிறகு அவள் குரல் மாறியது: “எனக்கும் அதே கருவிதான் வைச்சிருக்கு. எனக்குப் பயமா இருக்கு. உங்களிட்டைக் கேக்கலாம் எண்டு அப்பா முந்திச் சொன்னவர்.”

என்னிடம் கேட்கலாம் என்று நீ சொன்னாயா? வாழ்நாள் முழுக்கப் பயந்தவனிடம்?

ஒன்றும் நடக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய். அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “எனக்கும் பயமாத்தான் இருக்கு, பிள்ளை” என்றேன். “தலை சுத்தினா, நெஞ்சு படபடத்தா, ஆருக்கும் ஒளிக்காதை. அம்மாட்டைச் சொல்லு, டொக்டரிட்டைச் சொல்லு. பிறகு எனக்கு எடு. எந்த நேரமெண்டாலும் எடு.” அப்போதுதான் அவள் அழுதாள். நான் தொலைபேசியை வைக்காமல் நின்றேன். ஒரு மணித்தியாலம் இருக்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பதினொரு மணிக்கு எடுக்கிறாள். அதற்காகவே நானும் பிலோமினாவும் காலை முதல் பூசைக்குப் போய்த் திரும்பிவிடுகிறோம். இன்னும் நான் அவளை நேரில் கண்டதில்லை. அவளுடைய மூக்கு எப்படி, நடை எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் தொழிற்சாலையில் வேலைக்கு நடுவில், பஸ்ஸில், பல்லு விளக்கும்போது, திடீரென்று அவளுக்காக நெஞ்சு பதறும். நீ எனக்கு விட்டுப்போனது இதுதான். பாரம்தான், ஆனால் இறக்கி வைக்க எனக்கு விருப்பமில்லை. இறக்கி வைத்தால் அதைத் தூக்க அங்கே அவள் தனியாக நிற்பாள்.

போன ஞாயிறு பதினொரு மணிக்கு அழைப்பு வரவில்லை. ஐந்து நிமிடம். பத்து. பிலோமினா செபமாலையை எடுத்துவிட்டாள். நான் சுவர் மணிக்கூட்டுக்குக் கீழே நின்றேன். இருபது நிமிடம் பிந்தித் தொலைபேசி அடித்தது.

“சொரி, பிந்திப்போச்சு” என்றாள் மூச்சு வாங்காமல், ஆறுதலாக. “சின்னப் பிள்ளையளுக்குப் பந்து பழக்கிக்கொண்டு நிண்டன். கோட்டுக்கு வெளியிலை நிண்டுதான். ஒரு பிள்ளை நடுவிலை நல்லா ஆடுது. அதை விட்டிட்டு வர மனமில்லை.”

அந்த இருபது நிமிடமும் நான் எப்படி நின்றேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன். 

“பரவாயில்லை, பிள்ளை” என்றேன். “அந்தப் பிள்ளை எப்பிடி ஆடினது எண்டு சொல்லு.”